படித்தேன், புரிந்தது

முப்பத்தொன்றாவது செய்தி வந்தபோது நான் ஒரு பழைய சோபாவின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்த பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மேசைமேல் கைபேசி துடித்தது. யாரென்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் கார் விற்பனை நிலையத்தாரைத் தவிர வேறு யாருக்கும் என்மேல் அக்கறை பொங்கி வழியாது.

‘அன்பான வாடிக்கையாளரே! முன்னால் செல்லும் வாகனம் நின்றால் உங்கள் வாகனத்தையும் நிறுத்தவும். வாகனத்தை நிறுத்த பிரேக்கை மிதிக்கவும். உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி.’ கீழே, பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு கார். அதற்கும் கீழே பச்சைக் கட்டம்: ‘படித்தேன், புரிந்தது.’

அந்தக் கட்டத்தை அமுக்கித் தொலைக்காவிட்டால் மணிக்கொரு தடவை அதே செய்தி திரும்ப வரும். ஆறு தடவை வரும். முதல் வாரத்தில் நான் வீம்புக்கு அமுக்காமல் இருந்து பார்த்திருக்கிறேன், மண்டை காய்ந்து ஆறாவது தடவை அமுக்கியதுதான் மிச்சம். ஆகவே, வழக்கம்போல, பசை ஒட்டாத ஒரே விரலான சுண்டுவிரலால் கட்டத்தை அமுக்கிவிட்டு பஞ்சுக்குத் திரும்பினேன். எனக்குப் புரிந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும். இதை இத்தனை நாள் தெரியாமல் எப்படிக் காலம் தள்ளினேனோ.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டவும் முடியாது. ஏழு வயதில் அம்மை வந்து வலது கண் போய்விட்டது. நான் சோபா தைக்கிறவன், நாற்காலிக்கு மெத்தை போடுகிறவன். கார் என் மனைவியுடையது. அவள் இருபத்துநான்கு வருடங்களாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். ஓடுகிற வண்டியில் நோயாளியின் கையில் ஊசி ஏற்ற வேண்டுமென்றால் மற்ற ஓட்டுநர்களிடம் நர்ஸ்கள் ‘ஓரமா நிறுத்துங்க’ என்று கத்துவார்கள். என் மனைவி ஓட்டினால் கத்துவதில்லை. பேசாமல் நரம்பைத் தேடிக் குத்திவிடுவார்கள். அவளைப் பற்றி அந்த மருத்துவமனையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவளுக்குத்தான் பிரேக் என்றால் என்னவென்று வாராவாரம் பாடம்.

ஆனால் அந்தப் பாடம் என் கைபேசிக்கு வருவதற்கு நானும் ஒரு காரணம். கார் வாங்கப் போன அன்று விற்பனைப் பையன் எங்கள் இருவரையும் பார்த்தான், என் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் பிறகு திரும்பவே இல்லை. எஞ்சினைப் பற்றி என்னிடம் சொன்னான். பிரேக்கைப் பற்றி என்னிடம் சொன்னான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “மேடம், இத மடக்கினீங்கன்னா உள்ள முகம் பாக்கற கண்ணாடி இருக்கு.” ஓட்டிப் பார்க்கச் சாவியை என் கையில் வைத்தான். நான் அதை அவளிடம் கொடுத்தபோது ஏதோ விளையாட்டுக்குச் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். கடைசியில் படிவம் நிரப்பும்போது “சார் நம்பர் சொல்லுங்க” என்றான். கார் அவள் பெயரில், கையெழுத்து அவளுடையது. எண் மட்டும் ஏன் என்னுடையது என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவன் என்னைக் கார்க்காரன் என்று நினைத்த சுகத்தில் பத்து இலக்கங்களையும் ஒப்பித்துவிட்டேன். 

முதல் செய்தியை அவளிடம் காட்டினேன். ‘வாகனத்தில் ஏறும் முன் அது உங்கள் வாகனம்தானா என்று உறுதி செய்துகொள்ளவும்.’ சிரிப்பாள் என்று நினைத்தேன். அன்று அவள் நெடுஞ்சாலை விபத்து ஒன்றிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வந்திருந்தாள். படித்தாள், கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள், போய் முகம் கழுவினாள். சாப்பிடும்போது மட்டும், யாரிடமோ சொல்வதுபோல, “இருபத்திநாலு வருஷம்” என்றாள். அதன்பின் நான் எதையும் காட்டவில்லை. ‘மழை பெய்தால் சாலை ஈரமாக இருக்கும்.’ ‘பின்னால் செல்ல விரும்பினால் பின்னால் பார்க்கவும்.’ ‘குதிகால் உயர்ந்த செருப்பு அணிந்த பெண்கள் கூடுதல் கவனம் கொள்ளவும்.’ எல்லாவற்றையும் நானே படித்தேன், நானே பல்லைக் கடித்தேன், நானே அமுக்கினேன். அவளுக்குப் போய்ச் சேராமல் குப்பையை வாசலிலேயே தடுத்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

முப்பத்தொன்றாவது செய்தி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் அழைத்தாள்.

“பதறாதீங்க. காரைத் தூண்ல இடிச்சிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“நீயா?”

“நான்தான்.”

வேலை முடிந்து மருத்துவமனையின் வாகன நிறுத்தத்திலிருந்து சரிவில் இறங்கியிருக்கிறாள். குறுக்கே ஒரு சக்கர நாற்காலி வந்திருக்கிறது. பிரேக்கை மிதித்திருக்கிறாள். கார் நேராக நிற்காமல் இடது பக்கம் வெட்டி இழுத்துக்கொண்டு போய்த் தூணில் மோதியிருக்கிறது. ஒரு முன்விளக்கு நொறுங்கியது. சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் கையைத் தட்டிப் பாராட்டினாராம். ஆனால் பார்த்தவர்கள் நாற்பது பேர், எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். சொந்த வண்டியில் இடித்தாலும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியில் குறை என்றால் பிரச்சினை இல்லை. ஓட்டியவர் கவனக்குறைவு என்று வண்டி நிறுவனம் எழுதிக் கொடுத்தால் ஆம்புலன்ஸின் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். தொலைபேசி எடுக்கும் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை விசாரணை. அதற்குள் விற்பனை நிலையத்தின் அறிக்கை வேண்டும்.

“ஃபோன் எடுக்கறது ஒண்ணும் கேவலம் இல்ல” என்றாள் அன்று மாலை. “ஆனா என்னால அங்க உக்கார முடியாதுங்க. மூச்சு முட்டும்.” அவள் அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை.

கார் இடது பக்கம் இழுப்பது புதிய சங்கதி அல்ல. அவள் முதல் சர்வீசிலேயே சொன்னாள். சக்கரங்களைக் கழற்றிப் பார்க்காமலே சீட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாவது சர்வீசிலும் சொன்னாள். மறுபடி எழுதினார்கள், மறுபடி கையெழுத்து. வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விற்பனை நிலைய மேலாளரின் கண்ணாடி அறையில்தான் படித்தாள். இரண்டு சீட்டிலும் ஒரே வரி: ‘சரியாக ஓட்டும் முறை வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது.’

மேலாளர் மிகவும் நல்லவிதமாகப் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவன் எரிந்து விழுந்தால் நாமும் திருப்பி எரிந்து விழலாம். இவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், குளிர்சாதனத்தைக் குறைக்கவா என்று கேட்டார், பிறகு குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுப்பதுபோல் அறிக்கையைத் தள்ளி வைத்தார். ‘வாகனத்தில் குறை ஏதும் இல்லை. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்.’

“கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தோம் மேடம். எல்லாமே பச்சைதான் காட்டுது.”

“சக்கரத்தைக் கழட்டிப் பாத்தீங்களா?” என்றாள் என் மனைவி.

“தேவைப்படல மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, பதட்டத்துல சில பேர் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங்கையும் சேத்துத் திருப்பிடுவாங்க. அவங்களுக்கே தெரியாது. அதுக்காகத்தான் நாங்க வாராவாரம் டிப்ஸ் அனுப்பறோம்.” இழுப்பறையிலிருந்து இன்னொரு கற்றைத் தாளை எடுத்தார். “முப்பத்தொண்ணு அனுப்பியிருக்கோம். முப்பத்தொண்ணையும் நீங்க படிச்சுப் புரிஞ்சதா ஒத்துக்கிட்டிருக்கீங்க. தேதி, நேரம் எல்லாம் இருக்கு. இதையும் ரிப்போர்ட்டோட இணைச்சிருக்கோம்.”

அவள் தாளை வாங்கினாள். மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தாள். குதிகால் செருப்பு வரிக்கு வந்தபோது ஒரு கணம் தன் காலில் இருந்த தட்டையான கறுப்புக் காலணியைப் பார்த்துக்கொண்டாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“செவ்வாக்கிழமை பத்து பன்னெண்டு. அப்போ நான் ஒரு பிரசவ கேஸோட பாலத்து மேல இருந்தேன்.” சொல்லிவிட்டு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

அந்த அறையில் ஒளிந்துகொள்ள ஒரு திரைகூட இல்லை. நான் சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். ஏன் மடக்கினேன் என்று தெரியவில்லை. மடக்கினால் அமுக்கியது இல்லையென்றாகிவிடுமா?

“நான்தான்” என்றேன். “எல்லாமே என் ஃபோனுக்குத்தான் வந்துச்சு. உன்கிட்ட காட்டினா மனசு கஷ்டப்படும்னு...”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவள் தாளை மடித்து மேசையில் வைத்தாள். நான்கு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ஏழு மாதம் உட்கார்ந்து, அவளுக்கு எதிரான சாட்சியை ஒவ்வொன்றாக நானே அமுக்கிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். மேலாளரோ மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு, குடும்பச் சண்டையில் தலையிடக் கூடாது என்ற நாகரிகத்தோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நாகரிகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“சார்” என்றேன். “இந்த முப்பத்தொண்ணையும் படிச்சுப் புரிஞ்சுகிட்டவன் நான். உங்க கணக்குப்படி பயிற்சி முடிச்சவன் நான்தானே?”

“சார், அது வந்து...”

“சாவியக் குடுங்க. அந்தக் காரை இப்ப நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க.”

“உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா சார்?”

“இல்ல. புரிஞ்சிருக்கு.”

மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு நான் வெளியே நடந்தேன். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேலாளர் என் பின்னால் ஓடிவந்தார், அவர் பின்னால் என் மனைவி. பணிமனையில் எங்கள் கார் ஒற்றைக் கண்ணோடு நின்றிருந்தது. அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஜாதி. கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். முழங்கால் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளத் தேடியதில் முதுகு சாய்ந்து நான் மல்லாந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

“ஏறுங்க சார்” என்று கத்தினேன். “ஏறும் முன் இது உங்க வாகனம்தானான்னு உறுதி செஞ்சுக்குங்க. முன்னால போனா முன்னால பாக்கணும். பின்னால போனா பின்னால பாக்கணும். எனக்கு எல்லாம் மனப்பாடம். வலது கண்ணு மட்டும் தெரியாது. அதப்பத்தி உங்க ஆளுங்க எதுவும் அனுப்பல.”

கூடத்திலிருந்தவர்கள் பணிமனையை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்கு அருகில் வந்துவிட்டார்கள். ஒருவர் தன் கைபேசியைக் காட்டி, “எனக்கும் இதே தொல்லைதான், மழை பெஞ்சா ஈரமா இருக்குமாம்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மேலாளரின் முகத்தில் முதல்முறையாக வியர்வை. அவர் ஏறவில்லை. தன் உயிரின்மேல் அவருக்கு இருந்த கவனம் குறைவில்லாதது.

அப்போது பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து ஒரு மெக்கானிக் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், காதுவரை கரி. மேலாளரைப் பார்க்காமல், பொதுவாகத் தரையைப் பார்த்துச் சொன்னார்: “முன் சக்கரம் ரெண்டையும் கழட்டிப் பாத்துடலாம் சார். கால் மணி நேரம். இவ்வளவு பேரு பாக்கறாங்க.”

மேலாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

என்னை இறக்கினார்கள். காரை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். என் மனைவி சீருடையோடு சக்கரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்தாள். அவளிடம் யாரும் எதையும் விளக்கவில்லை, மெக்கானிக் கழற்றக் கழற்ற அவளே கையை நீட்டி வாங்கினாள். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற பிரேக் கட்டைகள் அவை. இடது சக்கரத்தின் கட்டை பிஸ்கட் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. வலது சக்கரத்தின் கட்டை, பெட்டியிலிருந்து பிரித்ததுபோல் அப்படியே இருந்தது. ஏழு மாதத்தில் அது ஒரு நாள்கூட வேலைக்கு வரவில்லை.

“வலது பக்கம் ஆரம்பத்துலேருந்தே பிடிக்கல” என்றார் மெக்கானிக். “உள்ள இறுகிப் போயிருக்கு. இடது பக்கம் மட்டும்தான் பிடிச்சிருக்கு. இழுக்காம என்ன பண்ணும்?”

மேலாளர் குனிந்து பார்த்தார். நியாயமான மனிதராக இருந்திருந்தால் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

“தேய்மானம்னு பாத்தா மேடம், அது ஓட்டுற பழக்கத்தைப் பொறுத்தும் வரும்...”

என் மனைவி எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“எனக்கு வலது காலு ஒண்ணுதான் சார் பிரேக்குக்கு. மிதி ஒண்ணுதான். ஒரே மிதியில இடது சக்கரத்துக்கு ஒரு மாதிரி, வலது சக்கரத்துக்கு ஒரு மாதிரி எப்படி மிதிக்கறதுன்னு சொல்லிக் குடுங்க. கத்துக்கறேன்.”

அவர் சொல்லிக் கொடுக்கவில்லை.

“ரிப்போர்ட்டை மாத்திக் குடுங்க” என்றாள்.

“அது சிஸ்டத்துல ஏறிடுச்சு மேடம். மாத்தணும்னா மேலிடத்துக்கு எழுதணும். அவங்க பாத்து, ஆள் அனுப்பி... திங்கக்கிழமைக்குள்ள என்னால உறுதி சொல்ல முடியாது.” அவள் கையிலிருந்தவற்றைப் பார்த்தார். “அத இங்க குடுத்துட்டுப் போங்க. கம்பெனி சோதனைக்கு வேணும்.”

“காரு என்னோடது. இதுவும் என்னோடதுதான்.”

“அப்படி வெளிய எடுத்துட்டுப் போக விதி இல்ல மேடம்.”

“அப்ப அதையும் ஒரு மெசேஜா அனுப்புங்க” என்றாள். “இந்தத் தடவை என் நம்பருக்கு.”

மெக்கானிக் பழைய துணி ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் இரண்டு கட்டைகளையும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டாள். அவர் இன்னொரு சீட்டில் தன் கையெழுத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். மேலாளர் அவர் பெயரைச் சொல்லி அதட்டினார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அன்று வந்த கோபத்தில் அவருக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

சாவியை மேசையில் போட்டுவிட்டு, சக்கரமில்லாத காரை அப்படியே விட்டுவிட்டு, இருவரும் பேருந்து பிடித்தோம். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. துணிமூட்டை அவள் மடியில் இருந்தது. வெள்ளைச் சீருடையில் கரி ஒட்டியிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. திங்கட்கிழமை அந்த அறிக்கைக்குப் பக்கத்தில் இந்த இரண்டு இரும்புத் துண்டுகளை வைத்தால் எதை நம்புவார்கள்? அறிக்கையில் முத்திரை இருக்கிறது. முப்பத்தொரு ஒப்புதல் இருக்கிறது. எல்லாம் என் சுண்டுவிரல்.

“திங்கக்கிழமை நானும் வரேன்” என்றேன். “அமுக்கினது நான்தான்னு சொல்றேன்.”

“வாங்க” என்றாள். கொஞ்ச தூரம் போனபின், “எனக்கு மனசு கஷ்டமா இருக்குமா இருக்காதான்னு நான்தானேங்க சொல்லணும்?” என்றாள்.

விற்பனைப் பையனும் மேலாளரும் செய்ததையே நானும் என் பங்குக்கு, அன்பு என்ற பெயரில் செய்திருக்கிறேன் என்பது மட்டும் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தத்திலிருந்து கிளம்பியிருந்த ஒரு வேன் எங்கள் முன்னால் வளைந்து புகுந்தது. பேருந்து ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் வலது கால் தரையில் அழுந்தியது, நிதானமாக, ஒரே சீராக, கணுக்கால் நரம்பு புடைக்க. அதற்கப்புறம்தான் ஓட்டுநர் திரும்பினார், அதற்கும் அப்புறம்தான் பிரேக்கை மிதித்தார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். கம்பியில் என் தாடை இடித்தது. அவள் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், பிறகு காலை மெதுவாக எடுத்தாள்.